‘ப்ராமிஸ்’ சொல்லாத முதலாளி

“கிளம்பிட்டேன்டி, அஞ்சே நிமிசம், ப்ராமிஸ்,” என்று என் மகள் போனில் சொல்கிறாள். சொல்லும்போது நைட்டியோடு சோபாவில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருக்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே எங்கள் முதலாளி ஞாபகமும் வந்தது.

எண்பதுகளின் கடைசி. பெருமாநல்லூரிலிருந்து டவுன் பஸ்ஸில் போய் ஒரு பனியன் கம்பெனியில் டைப்பிஸ்ட் வேலை பார்த்தேன். டைப்பிஸ்ட் என்று பேர்தான். டீ சொல்வதிலிருந்து இங்கிலீஷ் பேசுவது வரை எல்லாம் நானே. என் இங்கிலீஷ் எப்படியிருந்திருக்கும் என்று கேட்காதீர்கள். ஊமை ஊரில் உளறுவாயன் மகாராஜா.

உள்ளூர் வியாபாரம் படுத்துக் கிடந்த நேரம் அது. முதல்முறையாக ஒரு வெள்ளைக்காரர் ஆர்டரோடு வந்தார். அது கைவிட்டுப் போனால் கம்பெனியை மூட வேண்டியதுதான். எல்லாம் பேசி முடித்து, பேனாவைத் திறந்துகொண்டு கேட்டார், “தேதி தவறாதே? ப்ராமிஸ்?”

“என்ன கேக்கறாரு அம்மிணி?”

“சத்தியமாத் தருவீங்களான்னு கேக்கறாருங்க.”

முதலாளி ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தார். ஐப்பசி மாதம். அப்போதெல்லாம் சாயம் போட்ட துணி வெட்டவெளியில்தான் காயும்.

“மழை என்ர கையிலயா இருக்குது? சத்தியம் பண்ண முடியாதுன்னு சொல்லு.”

நான் குரலைத் தாழ்த்தினேன். “சும்மா ஆமான்னு சொல்லீருங்க. அவிய ஊர்ல காப்பிக்கு வர்றதுக்கே ப்ராமிஸ்ம்பாங்க.”

“அவிய ஊர்ல சும்மாவே இருக்கட்டும். சொல்றது என்ர வாயாச்சே.”

அப்புறம் அவரே திரும்பி, “நோ ப்ராமிஸ் சார். ஐ ட்ரை,” என்றார்.

வெள்ளைக்காரர் பேனாவை மூடினார். முதலாளி முகத்தைப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, மறுபடி திறந்து கையெழுத்துப் போட்டார். ஏன் போட்டார் என்பது எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

மழை பிடித்தது பாருங்கள், அடைமழை. மூன்றாம் நாள் காலையில் ஆபீஸில் ஈ காக்கை இல்லை. எதிர் டீக்கடையில் கேட்டால், எல்லோரும் கல்யாண மண்டபத்தில் என்றார்கள். ஓடினேன். முதலாளியின் பங்காளி மண்டபம். அந்த வாரம் முகூர்த்தம் கிடையாது. தூணுக்குத் தூண் கயிறு கட்டி, மணமேடையிலிருந்து பந்திக்கூடம் வரைக்கும் மஞ்சள் துணி. தையல்காரர்கள் வீடு வீடாகப் போய் இரவல் வாங்கிவந்த டேபிள் ஃபேன்கள் நாலாபக்கமும் சுற்ற, மண்டபம் முழுக்க அந்தத் துணி அசைந்துகொண்டிருந்தது. நடுவில் முதலாளி, வேட்டியை மடித்துக்கட்டி, ஒவ்வொரு துணியாகத் தொட்டுத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் புல்லரித்துவிட்டது. சத்தியம் பண்ணாத மனுசன் செய்கிற வேலையா இது? செருப்பைக் கழற்றிவிட்டு நானும் உள்ளே போனேன்.

சொன்ன தேதியில் லாரி தூத்துக்குடிக்குக் கிளம்பியது. அடுத்த வருடம் அந்த வெள்ளைக்காரர் இன்னொருவரையும் கூட்டிவந்தார். “இவர் ட்ரை பண்ணுவார்,” என்று முதலாளியை அறிமுகப்படுத்தினார். வந்தவர் ப்ராமிஸ் கேட்காமலே கையெழுத்துப் போட்டார்.

அப்புறம் துணி காயவைக்க மெஷின் வந்தது, மழை பயம் போனது. முதலாளியும் போய்ச் சேர்ந்தார். அவர் சொன்ன அந்த ‘ட்ரை’ மட்டும் ஊரில் புழங்குகிறது. போன மாதம் தங்கை மகன் கல்யாணத்துக்குப் போனில் அழைத்தபோது நாலு பேர், “கண்டிப்பா ட்ரை பண்றேங்க்கா,” என்றார்கள். சமையல்காரரிடம் நாலு இலை குறைக்கச் சொல்லிவிட்டேன். அந்த நாலு பேரும் வரவில்லை; பந்தியில் ஒரு இலைகூடக் குறையவில்லை.