சித்தி தோற்றுப்போன ஆட்டம்

டிவியில் அம்பு பார்த்து ஆடும் விளையாட்டில் எங்கள் தெருவிலேயே என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பள்ளிக்கூடத்தில் எந்தப் பாடத்திலும் தேறாதவன், இதையாவது சொல்லிக்கொள்கிறேனே.

அப்போது நான் நாலாம் வகுப்பு. சங்கராபுரத்துக்குப் பக்கத்து ஊரில் எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தோம். சித்திக்குக் கல்யாணமாகி ஆறு வருஷமாகியும் குழந்தை இல்லை. கள்ளக்குறிச்சி டாக்டரம்மா, முதலில் உடம்பைக் குறை, தினமும் நட என்று சொல்லி அனுப்பிவிட்டார். இதெல்லாம் பெரியவர்கள் விஷயம். எனக்குத் தெரிந்தது சித்தி காலையில் நடக்கப் போகிறாள் என்பது மட்டும்தான்.

எங்கள் ஊரில் சும்மா நடப்பது அவ்வளவு சுலபமில்லை. ஒருத்தி ரோட்டில் தனியாக நடந்தால் பார்க்கிறவர்களுக்கு மனசு கேட்காது. பால் கேனோடு வருகிற பங்காளி ஒருவர் வண்டியை நிறுத்தி, "இன்னாம்மா, பஸ்ஸ உட்டுட்டியா? ஏறு, ஏறு" என்பார். நடப்பதற்காக நடக்கிறேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். அதற்குப் பயந்து சித்தி ஏறிக்கொள்வாள். பஸ் ஸ்டாண்டில் இறங்கி, இரண்டு போண்டா தின்றுவிட்டு, ஷேர் ஆட்டோவில் திரும்புவாள். ஒரு மாதத்தில் ஒரு கிலோ கூடியது.

லாரி ஓட்டுகிற சித்தப்பா சென்னையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பாய் கொண்டுவந்தார். நாலு பக்கமும் அம்புக்குறி. ஒயரை டிவியில் செருகினால் பாட்டு ஓடும். திரையில் வருகிற அம்பைப் பார்த்துப் பாயில் அதே அம்பை மிதிக்க வேண்டும். கதவைச் சாத்தி, நைட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு சித்தி ஆட ஆரம்பித்தாள். ஆளுக்கொரு பாட்டு. எதிராளி நான்.

"சித்தி, சேறு மிதிக்கிற மாதிரியே ஆடிக்கினு இருக்கியே!"

"வாய மூடிக்கினு எண்ணுடா, எலிக்குஞ்சு!"

அவள் தண்ணீர் குடிக்கத் திரும்பினால் நான் மண்டி போட்டு இரண்டு கையாலும் அம்புகளைத் தட்டிப் பாயிண்ட் ஏற்றுவேன். "அழுகுணி ஆட்டமா ஆடற?" என்று இன்னொரு பாட்டுக்கு ஆடுவாள். இப்படியே நாலு மாதம். ஜாக்கெட்டை எல்லாம் பிடித்துத் தைத்துக்கொண்டாள். ஒருநாள் என்னையும் முந்திவிட்டாள். அன்றிரவு நான் சோறு தின்னவில்லை.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் சித்தி திடீரென்று ஆட்டத்தை விட்டாள். அம்மா பாயைச் சுருட்டிப் பரணில் போட்டு, "இனிமே அவள ஆடக் கூப்ட்ட, காலை ஒடிச்சிடுவேன்" என்றாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. மறுபடி என்னிடம் தோற்றுவிடுவோம் என்று சித்தி பயந்துவிட்டாள். நேராகக் குழாயடிக்குப் போனேன். "எங்க சித்தி எங்கிட்ட தோத்துட்டா! ஆடி ஆடி தலை சுத்தி, தெனம் காலைல வாந்தி எடுக்கிறா!"

தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"எத்தினி நாளாடா?"

"ஒரு வாரமா!"

"உன் வாய்க்குச் சக்கரதான் போடணும்" என்று ஒருத்தி என் கன்னத்தைக் கிள்ளினாள். பாதிப் பேர் குடத்தை அப்படியே விட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

மூன்று மாதம் முடியும்வரை வெளியே மூச்சு விடக்கூடாது என்பது வீட்டுக் கட்டுப்பாடாம். அம்மா கரண்டிக் காம்பால் என் முதுகில் ஒன்று வைத்தாள். சித்திதான் குறுக்கே வந்தாள். "வுடுக்கா. ஆறு வருசமா விசேஷம் உண்டா, விசேஷம் உண்டான்னு கேட்டாங்க. புள்ள பதில் சொல்ட்டான், அவ்ளோதான்."

சொல்லிவிட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வர வர, நிறுத்தாமல் சிரித்தாள். தோற்றுப்போனவள் எதற்கு இப்படிச் சிரிக்கிறாள் என்று, ஜெயித்த நான் முதுகைத் தேய்த்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றேன்.