துடைக்காத கண்ணாடி

'ஹா' என்று வாயால் ஊதி, மஞ்சள் துணியால் வட்டம் வட்டமாகத் துடைத்து, ஓரடி பின்வாங்கித் தலையைச் சாய்த்துப் பார்க்கிறார். யாரோ ஒரு குழந்தையின் மூக்குத்தடம் போய்விட்டது. உள்ளே, குடுவையில் மிதக்கும் இதயம் பளிச்சென்று தெரிகிறது. அடுத்த பெட்டிக்கு நகர்கிறார்.

அருங்காட்சியகத்தில் இதயக் கண்காட்சி திறந்த நாள் முதல் இந்தக் கூடத்துக்கு இவர்தான் காவல். சக காவலர்கள் வைத்த பெயர் கண்ணாடிக்காரர். துடைப்பதற்கென்று வேறு ஆள் உண்டு. அவர் துடைத்தால் கோடு விழுகிறதாம். "கோடு விழுந்தா பாக்கறவங்க கோட்டத்தான் பாப்பாங்க. இதயத்த யாரு பாப்பா?" வாய் ஓயாத மனிதர். பழைய மரக்குழல் ஸ்டெதாஸ்கோப்பைப் பார்த்துச் சிரிக்கும் கல்லூரிப் பெண்களிடம், "சிரிக்காதீங்கம்மா. பொம்பளைங்க நெஞ்சுல காது வைக்கக் கூச்சப்பட்ட டாக்டர் கண்டுபிடிச்சது" என்பார், தானே பக்கத்தில் நின்று பார்த்தவர்போல.

இப்பேர்ப்பட்டவர் கடைசி வரிசையில் ஒரு பெட்டியை மட்டும் தொடுவதில்லை. நெஞ்செலும்பை அறுக்கும் ரம்பமும், அதை விரித்துப் பிடிக்கும் இரும்புக் கருவியும் அதில் இருக்கின்றன. கைரேகை அப்பி அப்பி எல்லாம் கலங்கலாகத்தான் தெரியும். மேற்பார்வையாளர் கேட்டதற்கு, "அங்க வெளிச்சம் அப்படி சார்" என்று மழுப்பிவிட்டார். மனைவிக்கு இதய வால்வை மாற்றியாக வேண்டும் என்று டாக்டர் சொன்னதிலிருந்துதான் இந்தக் கதை. அவருக்குப் பயம், வேறொன்றுமில்லை. வீட்டிலோ, "சின்னதா ஒரு ஓட்டை போட்டு முடிச்சிடுவாங்க" என்று அளந்துகொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்தின நாள் அந்த அம்மாள் கண்காட்சிக்கே வந்துவிட்டார். "உங்க ராஜ்ஜியத்த ஒரு தடவ பாத்துட்டுப் போறேன்."

கண்ணாடிக்காரர் ஒவ்வொரு பெட்டியாகக் காட்டினார். கடைசி வரிசை வந்ததும் அந்தப் பெட்டிக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டார்.

"இங்க ஒண்ணும் இல்ல. வா, டீ குடிக்கலாம்."

"நெஞ்ச எப்படித் திறப்பாங்கன்னு நர்ஸம்மா அப்பவே சொல்லிட்டாங்க. நீங்க பயப்படுவீங்கன்னுதான் நான் பேசல. கொஞ்சம் தள்ளுங்க."

தள்ளினார். அந்த அம்மாள் குனிந்து, கண்ணை இடுக்கிப் பார்த்தார்.

"ஒண்ணுமே தெரியலையே. இது உங்க கண்ணாடிதானா?"

அவர் துணியைக் கையில் சுருட்டிக்கொண்டே நின்றார். பிறகு அதை உதறி விரித்து, மனைவியின் கண்மட்டத்துக்குக் குனிந்து, 'ஹா' என்று ஊதினார்.