மாமா ரிப்பேர் செய்த நீரூற்று

என் அக்கா கணவரின் உண்மையான பெயர் தெருவில் யாருக்கும் தெரியாது. 'வாஷர்' என்று கேட்டால் வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுவந்து விடுவார்கள். மாமா பிளம்பர். எங்காவது குழாய் ஒழுகுகிறது என்று போன் வந்தால் வாயில் வைத்த டீயை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். யார் வீட்டுக்கு விருந்துக்குப் போனாலும் முதலில் குளியலறைக்குள் நுழைந்து ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் கூடத்துக்கு வருவார். வீட்டில் இருக்கும் கொஞ்ச நேரமும் பேச்சு முழுக்கக் குழாய் ஒழுகாமலிருக்க உள்ளே போடும் வாஷர்தான். ரப்பர் வாஷர், நைலான் வாஷர், வாஷரே போடாமல் ஏமாற்றிய எவனோ ஒருவன். எதிரே இருப்பவர் கொட்டாவி விட்டால், சுவாரசியமாகக் கேட்கிறார் என்று எடுத்துக்கொள்வார்.

அக்கா தையல்காரி. ஜன்னல் திரை, பள்ளிச் சீருடை, தலையணை உறை என்று வீட்டிலேயே தைக்கிறாள். ஊசியில் நூல் கோக்க முடியாமல் தடவிக்கொண்டிருந்தபோதுதான் கண்புரை என்று தெரிந்தது. ஆபரேஷனுக்குப் போனால் பிரஷர் எகிறிக் கிடந்தது. அது இறங்கினால்தான் கண்ணைத் தொடுவேன் என்று டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். கூடவே, "வீட்டை அமைதியா வச்சுக்கோங்கம்மா. நாலு செடி வைங்க. தண்ணி ஓடற சத்தம் கேட்டா மனசு லேசாகும்" என்றார்.

வரும் வழியெல்லாம் அக்கா கடைப் பலகைகளை ஒரு கண்ணை மூடி மூடிப் படித்துப் பார்த்தாள். கண் போனால் தையல் போகும். தையல் இல்லாத அக்காவை எனக்கு நினைத்துப் பார்க்கவே பயமாக இருந்தது.

மறுநாளே வீட்டைக் காடாக்க ஆரம்பித்தாள். ஜன்னலோரம் செடிகள் வந்தன. தையல் மெஷின் பக்கத்தில் ஒரு தட்டு நிறையக் கூழாங்கற்கள். ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் பச்சைப்பசேலென்று பாசி. அதைத் தொட்டால் குளிர்ச்சியாக இருக்கிறது என்று அடிக்கடி தொட்டுக்கொண்டாள். அன்று சாயங்காலம் மாமா வேலை முடிந்து வந்து பாசியைப் பார்த்தார். அவர் தொழிலில் பாசி என்றால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கிண்ணத்தைக் கொண்டுபோய்க் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, சுவர் முழுக்கத் தட்டித் தட்டி ஈரத்தைத் தேட ஆரம்பித்தார். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

இந்த நேரத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. மேசை மேல் வைக்கிற குட்டி நீரூற்று ஒன்றை வாங்கிக்கொண்டு போனேன். கல்லடுக்கு மேலிருந்து தண்ணீர் சொட்டிச் சொட்டி இறங்கும். அடியில் இருக்கும் மோட்டார் அதை மறுபடி மேலே ஏற்றும். ஸ்விட்சைப் போட்டதும் அக்கா கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினாள். கடைக்குப் போய்விட்டு நாங்கள் திரும்பி வந்தபோது நீரூற்று மேசை மேல் நட்டுவேறு திருகுவேறாகக் கிடந்தது. மாமா முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"மூணு இடத்துல ஒழுகிட்டிருந்துச்சு. டேப் சுத்தி அடைச்சுட்டேன். இனிமே ஒரு சொட்டு வராது" என்றார்.

அக்கா பையைக் கீழே வைத்தாள். "உங்களுக்குக் குழாய் முக்கியமா, என் கண்ணு முக்கியமா?" என்று கேட்டாள். சத்தமாகக்கூடக் கேட்கவில்லை. கேட்டுவிட்டு அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததே இல்லை. மாமாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சுற்றிய டேப்பையெல்லாம் பிரித்து நீரூற்றை மறுபடி ஒழுக வைத்தார். இனி அதைத் தொடவும் மாட்டேன், அதைப் பற்றிப் பேசவும் மாட்டேன் என்று சத்தியம் செய்தார்.

தொடவில்லை என்பது உண்மை. ஆனால் ஓடும் தண்ணீரைத் தனியாக விட்டுவிட்டுப் போக அவர் மனம் இடம் கொடுக்கவில்லை. மதிய வேலைகளை வேறு ஆளுக்குத் தள்ளிவிட்டு, அக்கா மெஷின் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். முள் மேல் உட்கார்ந்த மாதிரிதான் உட்கார்ந்திருந்தார். வாயைத் திறந்தால் வாஷர் வந்துவிடும் என்று வாயையும் திறக்கவில்லை. கை பரபரத்தால் அக்காவுக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தார். நான் போகும்போதெல்லாம் இதே காட்சிதான். பார்க்கச் சிரிப்பு வரும். வெளியே வந்துதான் சிரிப்பேன்.

அடுத்த முறை டாக்டரிடம் மூவரும் போனோம். அக்காவின் பிரஷர் இறங்கியிருந்தது. அடுத்த வாரமே ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். அறையின் மூலையில் கை கழுவும் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்த மாமாவுக்கு வியர்த்துக் கொட்டியது.

"சார், நீங்க இப்படி வந்து உக்காருங்க" என்று டாக்டர் அவர் கையில் பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றினார். அளவைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். மாமாவுக்கும் மாத்திரை எழுதினார். பிறகு அன்பாகச் சொன்னார்: "வீட்ல தண்ணி ஓடற மாதிரி ஏதாவது வச்சுக்கோங்க. அது பக்கத்துல தினம் கொஞ்ச நேரம் உக்காருங்க."

நான் இருமுவது போல் நடித்துக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா நேராகப் போய் நீரூற்றின் ஸ்விட்சை அணைத்தாள்.

மாமா பதறிப்போனார். "ஏன் நிறுத்தறே? ஆபரேஷன் முடியற வரைக்கும் ஓடட்டும். நான் தாங்கிக்குவேன். மறுபடி பிரஷர் ஏறிடுச்சுன்னா கண்ணு என்னாகறது?"

"ஏறாது. முதல் நாள்தான் அது நல்லாருந்துச்சு. அப்புறம் எனக்கும் எரிச்சல்தான். என் தம்பி ஆசையா வாங்கிட்டு வந்தானேன்னு பொறுத்துக்கிட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. மாமா திருதிருவென்று விழித்தார்.

"அப்ப எதுல இறங்குச்சு?"

"கல்யாணம் ஆனதுலேருந்து நீங்க என்னிக்காவது பகல்ல என் பக்கத்துல உக்காந்திருக்கீங்களா? அதுவும் வாஷரைப் பத்திப் பேசாம?"

மாமா என்னைப் பார்த்தார். நான் செடியைப் பார்த்தேன். பிறகு அவளிடம் கேட்டார்: "சும்மா உக்காந்திருந்தா போதுமா?"

"போதும்."

மாமா நாற்காலியை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.