ரசமட்டத்தின் சாய்ந்த கட்டில்

டைல்ஸ் ஒட்டுகிறவர்களுக்குள் அந்த மேஸ்திரிக்கு ரசமட்டம் என்று பெயர். தரை சமமா என்று பார்க்கிற ரசமட்டக் கருவியை எடுத்து வைப்பதற்கு முன்பே, தரையில் கன்னத்தைப் பதித்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, "அந்த மூலையில தூக்குது" என்று சொல்லிவிடுவார். வைத்துப் பார்த்தால் தூக்கித்தான் இருக்கும். அப்பேர்ப்பட்ட மனுஷன் படுக்கிற கட்டில் மட்டும் சாய்ந்து கிடந்தது.

புண் முற்றி இரைப்பையில் பாதியை வெட்டி எடுத்ததிலிருந்து இந்தக் கூத்துதான். முன்பெல்லாம் வந்தது வெறும் புளிப்பு, மாத்திரைக்கு அடங்கியது. இப்போது கீழே இருக்க வேண்டிய பித்தநீர், கதவில்லாத வீட்டுக்குள் நுழைவதுபோல மேலே ஏறியது. குனிந்தால் வரும், மல்லாந்து படுத்தால் வரும். மஞ்சளும் பச்சையுமாகத் தொண்டையை அறுத்துக்கொண்டு வரும். எத்தனை கொப்பளித்தாலும் நாற்றம் போகாது. கண் வேறு சிவந்துவிடும். தலைமாடு உயரமாக இருக்கட்டும் என்றார் டாக்டர். மனைவியின் தம்பிதான் மீந்த டைல்ஸைக் கொண்டுவந்து கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் அடுக்கினான். ஆஸ்பத்திரியில் கூடவே இருந்து வாந்திக்குச் சட்டி பிடித்தவனும் அவன்தான். தொழில் பழகியதும் இவரிடம்தான். நன்றாகவே பழகினான், இல்லையென்று சொல்லக் கூடாது.

"நீங்க அளந்து வெட்டிக் குடுங்க மாமா. குனியிறதெல்லாம் என் பாடு," என்றான்.

நம்பினார். ஆனாலும் ஓர் அறை முடிந்தால் தரையில் கன்னத்தை வைக்காமல் இவருக்கு இருப்புக் கொள்ளாது. வயிறு சும்மா விடுமா? வைத்த மறுநிமிஷம் வாயைப் பொத்திக்கொண்டு குழாயடிக்கு ஓட்டம்.

ஒருநாள் காலையில் அப்படி ஓடிப்போய்த் திரும்பியவரை இன்ஜினியர் நிறுத்தினார்.

"நாளையிலேர்ந்து நீங்க வர வேண்டாம். காலங்காத்தால குடிச்சிட்டு வந்து வாந்தி எடுக்கிற ஆளை வச்சிக்கிட்டு நான் என்ன பண்றது?"

"குடியா? யார் சார் சொன்னது?"

"உங்க மச்சினன்தான். அவரும் எவ்வளவு நாளைக்கு மூடி மறைப்பார்? மேஸ்திரி வேலையை இனிமே அவரே பாத்துக்கட்டும்."

பக்கத்து அறையில் மச்சினன், குழைத்து முடித்த கலவையை மறுபடியும் குழைத்துக்கொண்டிருந்தான்.

"ஏன் மாப்ள?"

"வியாதின்னு சொன்னா ரெண்டு பேரையும் அனுப்பிடுவாங்க மாமா." தலை நிமிரவில்லை.

"சரி, வியாதின்னு சொல்ல வேணாம். குடின்னு சொல்ல எப்படிடா வாய் வந்துச்சு? சட்டி பிடிச்சவனாச்சே நீ!"

கலவைதான் குழைந்தது. வேறு யாராவது சொல்லியிருந்தால், தெரியாமல் சொன்னான் என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். எல்லாம் தெரிந்தவனே கழுத்தை அறுத்தால் எங்கே போய் முட்டிக்கொள்வது?

வீட்டுக்கு வந்தார். மனைவி தண்ணீர் கொடுத்தாள். அவர் குடித்து முடித்ததும், கிட்டே வந்து அவர் வாயை மோந்து பார்த்தாள்.

"தம்பி போன் பண்ணான். உண்மையச் சொல்லுங்க... குடிக்கிறீங்களா?"

கறை படிந்த தலையணை உறைகளைத் தினமும் துவைத்துப் போடுகிறவள் கேட்கிறாள். அவருக்குக் கோபம்கூட வரவில்லை. கட்டிலின் தலைமாட்டைத் தூக்கி, அடியிலிருந்த டைல்ஸை ஒவ்வொன்றாக உருவி எறிந்தார். கட்டில் தரைக்குச் சமமாக நின்றது.

"இங்க உக்காரு," என்று சொல்லிவிட்டு மல்லாந்து படுத்தார்.

நெடுநேரம் காத்திருக்கத் தேவைப்படவில்லை. தொண்டை இழுத்தது, கண்ணில் நீர் முட்டியது, வாயோரம் பச்சையாக வழிந்து தலையணையை நனைத்தது.

"இப்ப மோந்து பாரு."

அவள் மோந்து பார்க்கவில்லை. அழுதுகொண்டே துண்டால் வாயைத் துடைத்துவிட்டாள். "அவனை நான் சும்மா விடமாட்டேன்," என்று சொல்லியபடி டைல்ஸைப் பொறுக்கி வந்து மறுபடி அடுக்கினாள். நம்பிவிட்டாள், அதில் சந்தேகமில்லை. இவளுக்கே காட்டித்தான் நம்பவைக்க வேண்டியிருந்தது என்பதுதான் அவருக்கு ஆறவில்லை.

அவள் அடுக்கியதில் ஒரு காலுக்கு ஒன்று கூடிப்போயிருந்தது. கட்டில் இப்போது பக்கவாட்டிலும் சாய்ந்தது. படுத்தவுடனேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் சொல்லவில்லை.