மீன் வயிற்றுப் பாட்டு

ஜெர்மன் போர்க்கப்பல் ஒன்று விடியற்காலையில் பினாங்குத் துறைமுகத்துக்குள் புகுந்து, அங்கே நின்றிருந்த ரஷ்யக் கப்பலைச் சுட்டு மூழ்கடித்தது. அப்போது நான் அங்கே மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். ரங்கூனில் வேலை போய், மேடானில் காய்ச்சலில் கிடந்து, இந்த ஊருக்கு வந்து சேர்ந்த புதிது. பல நாட்கள் அலை பிணங்களைக் கரையில் கொண்டுவந்து போட்டது. துறைமுகத்தில் வேலை நின்றது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன் என்றாலும் எனக்குச் சிந்து கட்ட வரும். கப்பல் மூழ்கியதைப் பாட்டாக்கி, சிறு புத்தகமாக அச்சடித்து, பாசார் என்கிற சந்தையின் வாசலில் பாடி விற்கத் தொடங்கினேன்.

முதலில் பீரங்கியைத்தான் பாடினேன். இடி, மின்னல், எமன் வாய். ஆட்கள் நின்று கேட்டுவிட்டு, வாங்காமல் போனார்கள். நிஜமான குண்டுச் சத்தத்தையே கேட்டவர்களுக்கு என் இடி எதற்கு? ஆகவே புதிதாக ஒரு கண்ணி சேர்த்தேன்.

மீனின் வயிற்றைக் கீறும்போது
மெல்லக் கீறடி தங்கமே
யாரோ பெற்ற பிள்ளை உள்ளே
உறங்குகிறான் தங்கமே

இதில் கப்பலும் இல்லை, பீரங்கியும் இல்லை. அடுப்படியும் ஒரு கத்தியும்தான். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். புத்தகம் விற்றது. நானோ அந்த நாட்களிலும் மீன்தான் தின்றேன். மலிவாகக் கிடைத்தது.

வெள்ளிக்கிழமைகளில் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், இறைச்சி தொட மாட்டார்கள்; மீன்தான். பாசாரில் மீன் விற்ற ஒரு வேதக்காரருக்கு அந்த ஒருநாள் வியாபாரம்தான் வாரம் முழுக்கச் சோறு. அந்த வெள்ளிக்கிழமை வெயில் ஏறிய பிறகும் அவர் பலகை நிறைய மீன் கிடந்தது. கத்தியோடு என்னிடம் வந்தார்.

"டேய் பாட்டுக்காரா, சண்டைய பாடணும்னா பீரங்கிய பாடு. என் மீன ஏன்டா இழுக்கிற?"

"பீரங்கி யார் மனசுலயும் ஒட்டலண்ணே."

"எம் பிள்ளைங்க வயிறு ஒட்டிப்போச்சுடா!"

தேங்காய் விற்றவன் சிரித்தான். "அவன் பாட்டுக்கு ஆளு சேருது, உம்ம மீனுக்கு ஈதான் சேருதுலா."

வேதக்காரர் சிரிக்கவில்லை. ஒரு மீனைத் தூக்கி, எல்லோருக்கும் முன்னால் வயிற்றைக் கீறிப் பிரித்துக் காட்டினார். "பாருங்க, குடல்தான். வேற என்ன இருக்கு?" கத்தி இறங்கியபோதே பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

பக்கத்துச் சோற்றுக்கடையில் அதே மீனைப் பொரித்து, இலையில் வைத்து என்னிடம் நீட்டினார். "இவங்க பாக்கத் தின்னு. நீ தின்னா வாங்குவாங்க. தின்னலன்னா இந்தப் பாசார்ல இனி கால வைக்காதே."

எனக்குச் சந்தோஷம்தான். காலையிலிருந்து ஒன்றும் தின்னவில்லை. ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டேன். நல்ல மீன். கடித்ததும் பல்லில் ஏதோ கெட்டியாகத் தட்டியது. முள்தான். முள் என்று எனக்குத் தெரியும். தாடை நின்றுவிட்டது. யாரோ பெற்ற பிள்ளை.

கூட்டம் முழுக்க என் தொண்டையைப் பார்த்தது.

"முழுங்குடா" என்றார். பிறகு தணிந்த குரலில், "தம்பி, முழுங்கு தம்பி."

முயன்றேன். இறங்கவில்லை. கையில் துப்பினேன். முன்னால் நின்ற பெண் காலிக் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு காய்கறிப் பக்கம் நடந்தாள். மற்றவர்களும் அவள் பின்னால் போனார்கள்.

அவர் என்னை அடிக்கவில்லை. பலகைக்குத் திரும்பி, அடியிலிருந்த உப்புச் சாக்கை இழுத்து அவிழ்த்தார்.

"காயவச்சுக் கருவாடாக்கினா அக்கரையில புக்கிட் மெர்தாஜாம் பக்கம் போகும். அங்க உன் பாட்டு இன்னும் போகலல்ல?"

"போகலண்ணே."

கத்தியை என் கையில் திணித்தார். எதிரே உட்கார்ந்து முதல் மீனின் வயிற்றில் கத்தியை வைத்தேன். கை தானாகவே தயங்கியது.

"மெல்லக் கீறாதடா" என்றார் வேதக்காரர். "வெயில் போயிரும்."