வைக்கோல் நெறஞ்சி போச்சி

1. பலகையில் நான்கு படங்கள்

ஆந்திர எல்லையோரம் வரதய்யபாளையத்துக்கு அருகே உள்ள பயோகேஸ் பிளான்ட்டில் நான் சேர்ந்த முதல் நாளே வாக்குவாதம். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பலகை. 'கழிவிலிருந்து எரிபொருள்' என்று தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் எழுதி, கழிவுக்கு உதாரணமாக நான்கு படங்கள் போட்டிருந்தார்கள்: சாணம், காய்கறித் தோல், கரும்புச் சோகை, நெல் வைக்கோல். நான்கில் ஒன்று தப்பு. உள்ளே போகும் முன்பே மேனேஜரிடம் சொன்னேன்.

"சார், வைக்கோல் கழிவு இல்லை. மாட்டுக்குச் சாப்பாடு."

"ஏகாம்பரம்காரு, கவர்மென்ட் பாலிசில அப்படித்தான் கீது. முந்து லோபல ரண்டி, மொதல்ல உள்ள வாங்க, காபி ஆறிப்போவுது."

மேனேஜர் தெலுங்குக்காரர். நல்ல மனிதர். காபி ஆறித்தான் போயிருந்தது.

நான் நகரியில் தறிக்காரர் வீட்டில் பிறந்து, பி.எஸ்சி. படித்து, சர்க்கரை ஆலை யார்டில் கரும்பு வண்டிகளை எண்ணியே ரிட்டயர் ஆனவன். எண்ணுவது முதலில் தொழிலாக இருந்தது, பிறகு வியாதியாகிவிட்டது. அந்த வியாதியை நம்பித்தான் பிளான்ட்டில் என்னை பீட்ஸ்டாக் ஆபீசராக எடுத்தார்கள். டிஜஸ்டர் என்கிற பெரிய தொட்டிக்குத் தீனி எங்கிருந்து, எவ்வளவு வரும் என்று பார்ப்பது என் வேலை.

வைக்கோலை வயலிலேயே கொளுத்துகிற ஊர்கள் இருக்கின்றன. அங்கே அதை எடுத்து கேஸ் ஆக்கினால் ஊருக்கு நல்லது, நானே கை தட்டுவேன். ஆனால் அந்த ஊர்களை மனதில் வைத்து எழுதிய பாலிசியை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து சத்தியவேடு பக்கம் இறக்கினால்? இங்கே டிராக்டரிலிருந்து ஒரு பிடி வைக்கோல் ரோட்டில் விழுந்தால், பின்னால் வருகிறவர் அதை எடுத்துக்கொண்டுதான் போவார்.

2. சர்வே

உபரி வைக்கோல் எவ்வளவு என்று கணக்கெடுக்க ஒரு கம்பெனியை அமர்த்தினார்கள். டேப்லெட்டுடன் நான்கு பேர் வந்தார்கள். நால்வருக்கும் தமிழும் தெரியாது, தெலுங்கும் தெரியாது. டேப்லெட்தான் கேள்வி கேட்டது, டேப்லெட்தான் பதிலை மொழிபெயர்த்தது. 'வீட்டில் வைக்கோல் எவ்வளவு மீதி இருக்கிறது?' பதிலுக்கு மூன்று கட்டங்கள்: நிறைய, கொஞ்சம், இல்லை.

ரிப்போர்ட் வந்தது. ஏறக்குறைய எல்லா வீட்டிலும் 'நிறைய'. அதுவும் கோடையில்! மேனேஜருக்கு ஒரே சந்தோஷம். 'இப்பகுதியில் வைக்கோல் உபரி' என்று நான் ஒரு சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட்டால், அது பேங்குக்குப் போகும். லோனின் அடுத்த தவணை வரும். பெரிய நிலக்காரர்களோடு பத்து வருட ஒப்பந்தம் போட்டு, பேலர் மெஷின் வயலிலேயே வைக்கோலைச் சுருட்டிக் கட்டி எடுத்து வந்துவிடும்.

எனக்கு ஒப்பவில்லை. சர்வே நடந்த ஊர்களில் ஒன்றுக்குக் கிளம்பிப் போனேன்.

முதல் வீடு முனியம்மா வீடு. முன்பு நிலமில்லாத குடும்பம். இப்போது கொஞ்சம் பட்டா நிலமும் இரண்டு கறவை மாடுகளும் உண்டு. நிலத்து வைக்கோல் பங்குனி மாதத்தோடு தீர்ந்துவிடும். பிறகு பெரிய நிலக்காரர்களிடம் வாங்கித்தான் மாட்டுக்குப் போட வேண்டும். வைக்கோல் போர் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு கல் கிடந்தது, அதன்மேல் ஒரு கோழி படுத்திருந்தது.

"சர்வே பசங்களாண்ட இன்னாம்மா சொன்ன?"

"வைக்கல் நெறஞ்சி போச்சின்னு சொன்னேன்."

"எங்க நெறஞ்சி கீது? நாலு கல்லுதானே கீது?"

"அதான் சொல்றேன், நெறஞ்சி போச்சி. வெள்ளிக்கெழம அதுவுமா வீட்ல இல்லன்னு சொல்லச் சொல்றியா? நீ எந்த ஊர்ல சார் பொறந்த?"

எனக்கு உறைத்தது. அரிசி தீர்ந்தாலும் எண்ணெய் தீர்ந்தாலும் எங்கள் வீட்டிலும் இதே பேச்சுதான். 'இல்லை' என்கிற வார்த்தை வீட்டுக்கு ஆகாது. டேப்லெட்டுக்கு அது எப்படித் தெரியும்? அது 'நிறைய' கட்டத்தில் டிக் போட்டுவிட்டது. நான் சிரித்தேன். முனியம்மா சிரிக்கவில்லை.

"வயல்ல கீற வைக்கலெல்லாம் உங்க மெஷினு சுருட்டிக்கினு பூடும்னு பேசிக்கிறாங்களே, நெஜமா?"

"அப்படித்தான் பேச்சு."

"அப்ப என் மாடு இன்னாத்த துன்னும்? உன் கேஸயா? என் பொண்ணு காலேஜி பஸ் ஏறிக்கினு போறதே இந்த ரெண்டு மாட்டாலதான். மாட்ட வித்துட்டு உங்க கேட்டாண்ட வந்து நிப்பேன். நீ பால் கறந்து குடு."

எனக்குத் தெரிந்தது எண்ணுவதுதான். அந்த ஊர் முழுக்க எண்ணினேன். அறுபத்தொரு மாடு. ஐந்தே ஐந்து போர், அதிலும் ஒன்று கூரை வேய்வதற்கு எடுத்து வைத்தது.

3. கையெழுத்து

மறுநாள் மேனேஜரிடம் கேட்டேன். "சார், உங்க வீட்ல அரிசி தீர்ந்துபோனா அம்மா என்ன சொல்லுவாங்க?"

"பிய்யம் நிண்டுகுன்னாயின்னு..."

பாதியில் நிறுத்திவிட்டார். அரிசி நிறைந்துவிட்டது என்றுதான் அதற்கும் சொல்லர்த்தம். முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"இப்ப தெரிஞ்சி இன்னா பண்றது? லோன் நிக்குது. இங்க வேலை செய்றவங்களுக்கும் குடும்பம் கீது. சர்ப்ளஸ்னு போட்டுடுங்க, அப்பறம் பாத்துக்கலாம்."

"அப்புறம் பார்க்க மாடு இருக்காது சார். மாடு போனா சாணம் போச்சு. பலகையில முதல் படமே சாணம்தான். உங்க டிஜஸ்டருக்கு நீங்களே பட்டினி போடறீங்க."

"நீங்க போடலேன்னா வேற ஒருத்தர் போடுவாரு."

"போடட்டும். அந்த அறுபத்தொரு மாட்டையும் எண்ணிட்டுப் போடட்டும்."

சர்டிபிகேட்டில் 'உபரி அளவு' என்ற இடத்தில் 'இல்லை' என்று தமிழில் எழுதினேன். புரியவில்லை என்று யாரும் சொல்லக்கூடாது என்பதற்காகத் தெலுங்கில் 'லேது' என்றும், ஆங்கிலத்தில் 'நில்' என்றும் எழுதினேன். கீழே மாட்டுக் கணக்கு, அதன் கீழே என் கையெழுத்து. மேனேஜர் கிழித்துப் போடுவார் என்று நினைத்தேன். அனுப்பிவிட்டார். அவருக்கும் அம்மா இருக்கிறார்.

பேங்கிலிருந்து ஒருவர் நேரில் வந்து பார்த்தார். திட்டத்திலிருந்து வைக்கோலை அடித்துவிட்டார்கள். இப்போது மாம்பழக்கூழ் தொழிற்சாலைகளின் தோலும் கொட்டையும் பிளான்ட்டுக்கு வருகின்றன. சித்தூர் ரோட்டோரம் மலைமலையாகக் கொட்டி நாறுமே, அதுதான் கழிவு. யாருக்கும் வேண்டாத பொருள். ஆனால் மாங்காய் சீசன் முடிந்தால் டிஜஸ்டர் பாதி காலி. அதற்கு நான்தான் காரணம் என்கிறார்கள். ஆமாம், நான்தான். அடுத்த சீசனுக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பலகையில் வைக்கோல் படம் இன்னும் இருக்கிறது. பஸ்ஸில் போகும்போதெல்லாம் எண்ணிப் பார்க்கிறேன், நான்குதான்.

முனியம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன்.

"அய்யய்யோ, இல்லன்னா எழுதின? அதுவும் மூணு பாஷையிலயா? போய் மொதல்ல கைய கழுவு சார்."

இந்தத் துறைக்கு வரப்போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். வீட்டில் 'நெறஞ்சி போச்சி' என்றே சொல்லுங்கள், அது நல்ல வழக்கம். ஆபீஸில் தாளை நீட்டினால் 'இல்லை' என்று எழுதுங்கள். கையை அப்புறம் கழுவிக்கொள்ளலாம்.