மாப்பிள்ளையின் மணிக்கட்டு

சான் ஹசிந்தோ பூங்காவின் வடக்கு மூலையில் கிடக்கும் இரண்டு சிமென்ட் பெஞ்சுகளுக்குச் சூடான மூலை என்று பெயர். அங்கே உட்காருகிறவன் பேஸ்பாலைத் தவிர வேறு எதைப் பேசினாலும் எழுப்பி விட்டுவிடுவார்கள். மின்வெட்டு, முட்டை கிடைக்காத கதை, பெண்டாட்டி சண்டை எல்லாவற்றுக்கும் தெற்குப் பக்கம் பெஞ்சு இருக்கிறது. இங்கே தொண்டை கிழியக் கத்தலாம், தொப்பியைக் கழற்றித் தரையில் அடிக்கலாம், எதிராளியின் மூக்குக்கு நேரே விரலை ஆட்டலாம். கை மட்டும் மேலே படக்கூடாது. இன்று சொன்னதை நாளைக்கு மாற்றவும் கூடாது. கை ஓங்கியவனைக்கூட ஒரு ரம் வாங்கிக்கொண்டு மன்னித்துவிடுவார்கள். பேச்சை மாற்றியவனுக்குச் சாகிறவரை கேலிதான்.

எவரிஸ்தோ கெசாதா பனிக்கட்டி ஆலையில் வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேராக இங்கேதான் வருவார். விரல்கள் மரத்துப்போய் வெளுத்திருக்கும். காப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாரென்றால், மாகாண அணியைப் பிரித்து மேய்ந்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். அணிக்குப் பெயர் கொக்குகள். கொக்கைப் போலவே ஒற்றைக் காலில் நின்று, பட்டியலின் கடைசி இடத்தில் வருஷா வருஷம் தவம் செய்கிற அணி.

"முப்பத்தாறு வயசுக்காரனுக்கு முதல் பேஸ்ல என்னய்யா வேலை? பந்து தாண்டிப் போனப்புறம் குனியறான். மரியாதையா ஒரு மாலையைப் போட்டு வீட்டுக்கு அனுப்புங்க. பிஞ்சுகளை இறக்குங்க. ரெண்டு வருஷம் உதை வாங்கட்டும். மூணாவது வருஷம் நாம உதைப்போம்" என்பார் எவரிஸ்தோ.

"இந்த மூணாவது வருஷத்தைப் பத்து வருஷமா கேட்டுக்கிட்டிருக்கேன்" என்பார் நிவால்தோ. சைக்கிள் டாக்சி மிதிப்பவர். வாய்தான் அவருக்கு மூன்றாவது மிதிகட்டை.

"நீங்க பிஞ்சைப் போட்டாத்தானே அது வரும்? பாதியில பயந்து மறுபடி கிழத்தை எடுத்துட்டு வந்தா, பத்து வருஷம் இல்ல, நூறு வருஷமானாலும் வராது."

கேலி செய்தாலும் எவரிஸ்தோவின் கண்ணை யாரும் குறை சொன்னதில்லை. ஊரே பந்தைப் பார்க்கும்போது அவர் எறிகிறவனின் காலைப் பார்ப்பார். "வேகமா எவன் வேணா எறிவான். நாலு பந்து தப்பாப் போனப்புறம் அஞ்சாவதை எறியறான் பாரு, அங்கதான் ஆள் தெரிவான்" என்பார். பதினெட்டு வயதுப் பையனை இரண்டு ஆட்டம் பார்த்துவிட்டு, தேறுவானா மாட்டானா என்று சொன்னால் சொன்னதுதான்.

சங்கடம் என்னவென்றால், அவர் தேறுவான் என்று சொன்ன பையன் ஊரில் தங்க மாட்டான். ஒருவன் மெக்சிகோவுக்கு ஆடப் போன இடத்தில் ஓட்டல் ஜன்னல் வழியே இறங்கிப் போனான், திரும்பவில்லை. இன்னொருவன் படகேறினான். அயல்நாட்டுத் தரகர்களுக்கும் கண் இருக்கிறது, அவ்வளவுதான் விஷயம். ஆனால் மூலையில் அதை வேறு மாதிரி வைத்துக்கொண்டார்கள். "எவரிஸ்தோ பாராட்டிட்டாரா? அப்ப பையனுக்குப் பெட்டி கட்டுங்கடா" என்பார்கள். அவரும் சேர்ந்துதான் சிரிப்பார். சிரித்துவிட்டு வீட்டுக்குப் போனால் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார். அவருடைய மனைவி மிரெல்தாவும் அப்படித்தான் போனாள். மகள் லிஸ்பெத்துக்கு அப்போது ஏழு வயது. ஆறே மாசம், அழைத்துக்கொள்கிறேன் என்றாள். இப்போது அங்கே அவளுக்கு வேறு புருஷன், வேறு பிள்ளைகள். புதுவருஷத்தன்று ஒரு போன் வரும், அதுவும் பாதியில் அறுந்துவிடும்.

லிஸ்பெத் மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். மலைப்பக்கத்திலிருந்து நகரசபை அணிக்கு ஆட வந்த யோஸ்பெல் என்ற இடதுகைக்காரன் அடிக்கடி தலைவலி மாத்திரை வாங்க வந்தான். தலைவலி தீர்ந்தபோது அவன் லிஸ்பெத்தோடு எவரிஸ்தோவின் பின்னறையில் குடியிருந்தான். கல்யாணம் இன்னும் ஆகவில்லை, ஆனாலும் ஊருக்கு அவன் மாப்பிள்ளைதான். நல்ல பையன். கூரை ஒழுகினால் தானே ஏறுவான். கறுப்பு மொச்சையும் சோறும் எவ்வளவு வைத்தாலும் தின்பான். வாய்க்கு வாய் மாமா என்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தில் வைத்து அவன் பந்து எறிய, எவரிஸ்தோ கையுறையைப் போட்டுக் குந்தி உட்கார்ந்து பிடித்தார். வேகப்பந்து சுமார்தான். பிறகு அதே கை, அதே வீச்சு, ஒரு மெதுவான பந்தை எறிந்தான். அது வருவதுபோல வந்து, பாதி வழியில் வர மனமில்லாமல் நின்று, மறுபடி வந்தது. எவரிஸ்தோ அவசரப்பட்டுக் கையை மூட, பந்து முழங்காலில் இடித்தது. வாழ்நாளில் அப்படி ஒரு பந்தை அவர் கிட்டத்தில் பார்த்ததில்லை.

"எப்படி மாமா?" என்றான் பையன்.

"பரவாயில்ல" என்றார். குனிந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அவருக்கு நிம்மதி போயிற்று. கணக்கு எளிதான கணக்கு. இவன் கொக்குகள் அணியில் சேருவான். நாலே மாதத்தில் நாடு முழுக்கப் பேசும். வெளிநாட்டு ஆட்டம் ஒன்றுக்கு அனுப்புவார்கள். திரும்பி வர மாட்டான், லிஸ்பெத்தை அழைத்துக்கொள்வான். அணியில் எடுபடாத பையன்களையும் அவர் பார்த்திருக்கிறார். சர்க்கரை ஆலையில் வேலைக்குப் போவார்கள், ஞாயிற்றுக்கிழமை ஆடுவார்கள், தொப்பை போடுவார்கள், பிள்ளை குட்டியோடு பக்கத்துத் தெருவில் இருப்பார்கள். யோஸ்பெல்லுக்குத் தொப்பை போடவேண்டும் என்று எவரிஸ்தோ மனதார ஆசைப்பட்டார். இளசுகளை வளருங்கள் என்று இத்தனை வருஷம் கத்திய மனிதர்தான்.

அணியை முடிவு செய்வதற்கு முந்தின சனிக்கிழமை, பயிற்சியாளர் சூடான மூலைக்கு வந்து நின்று திட்டு வாங்கிக்கொள்வது அந்த ஊர் வழக்கம். அந்த வருஷம் ஆர்செனியோ என்று புது ஆள். பேச்சுக்குப் பேச்சு கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். இடதுகைக்காரன் ஒருவன்தான் பாக்கி என்றார். ஒன்று யோஸ்பெல், இல்லையென்றால் முப்பத்து மூன்று வயது தாமசோ. அவருக்கே முடிவு பிடிபடவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"காதைத் தீட்டி வைங்கப்பா. மாமனார் மாப்பிள்ளைக்குக் கச்சேரி பண்ணப் போறார்" என்றார் நிவால்தோ. எல்லோரும் சிரித்தார்கள்.

எவரிஸ்தோ எழுந்தார். தொப்பியைச் சரி செய்தார். "யோஸ்பெல் வேண்டாம்" என்றார்.

சிரிப்பு நின்றது.

"மணிக்கட்டு சரியில்ல. மெதுவா எறியறதுக்கு முன்னாடியே மணிக்கட்டு காட்டிக் கொடுத்துடுது. தெரிஞ்சவன் ரெண்டாவது ஆட்டத்துலயே துவைச்சுக் காயப்போட்டுடுவான். தாமசோவையே போடுங்க."

"உங்க வீட்டுப் பையன் இல்லையா?" என்றார் ஆர்செனியோ.

"அதனாலதான் சொல்றேன். தினம் பாக்கறவன் நான்."

வேறு யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டார்கள். பெண்ணைக் கொடுத்தவரே, அதுவும் எவரிஸ்தோவே வேண்டாம் என்ற பிறகு பேச என்ன இருக்கிறது? ஆர்செனியோ அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். இவ்வளவு நேர்மையான ஆளைப் பார்த்ததில்லை என்றார். எவரிஸ்தோவுக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து விழுங்கிவிட்டால் தேவலாம் என்றிருந்தது.

சாயங்காலத்துக்குள் செய்தி வீட்டுக்கு வந்துவிட்டது. பையன் சண்டைக்கு வருவான் என்று எதிர்பார்த்துக் காத்திருந்தார். அவன் கையுறையை எடுத்துக்கொண்டு வந்து எதிரே நின்றான்.

"மாமா, நெஜமாவே மணிக்கட்டு காட்டிக் கொடுக்குதா?"

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். சொன்னால் அடுத்த கேள்வி வரும். "ஆமா" என்றார்.

"அப்ப சரி பண்ணிக் குடுங்க மாமா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

அன்று முதல் அவன் தினமும் சந்துச் சுவரில் பந்தை எறிந்து, இல்லாத தப்பைத் தேடிக்கொண்டிருந்தான். அவர் பக்கத்தில் நின்று, இருந்ததைக் கெடுத்துவிடாதபடி ஏதோ ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தார். வேறெந்தத் தண்டனையும் இதைவிடச் சுகமாக இருந்திருக்கும்.

லிஸ்பெத் நான்கு நாள் பேசவில்லை. அந்த மூலையின் சத்தத்தில் வளர்ந்தவள் அவள். ஐந்தாம் நாள் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"அவன் கையில ஒரு குறையும் இல்ல. ஏன்ப்பா அப்படிச் சொன்னீங்க?"

"எனக்குப் பட்டதைச் சொன்னேன்."

"என்கிட்டயுமா அப்பா?"

அவர் கழுவி வைத்த தட்டு ஒன்றை எடுத்துத் துடைத்தார்.

"நான் போயிடுவேன்னுதானே?" அவள் குழாயை மூடினாள். "அவன் அணியில சேர்ந்ததும் ரெண்டு வருஷம் இங்கேயே ஆடணும், அதுக்குள்ள கல்யாணம் பண்ணிக்கணும்னு பேசி வச்சிருந்தோம். இங்க எடுபடாதவனுக்கு இங்க என்னப்பா இருக்கு?"

எவரிஸ்தோ பிள்ளையைப்போல அழுதார். அழுதாரே தவிர, மறுநாள் மூலைக்குப் போய் உண்மையைச் சொன்னாரா என்றால், இல்லை. தாமசோ அணிச் சட்டை போட்டுப் படம் எடுத்தாகிவிட்டது. இனிச் சொல்லி என்ன என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மகளைப் பிடித்து வைக்கப் பொய் சொன்னேன் என்று நிவால்தோவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை என்பதுதான் நிஜம்.

மழைக்காலம் முடிவதற்குள் கடலுக்கு அப்பால் சான்டோ டொமிங்கோவிலிருந்து ஒரு தரகர் யோஸ்பெல்லைத் தேடிக்கொண்டு வந்தார். அவருக்கு மணிக்கட்டைப் பற்றி யாரும் சொல்லியிருக்கவில்லை. இரண்டு பேரும் கிளம்பினார்கள். பையன் கட்டிப்பிடித்துக்கொண்டு, "சொல்லிக் குடுத்ததுக்கு நன்றி மாமா" என்றான். லிஸ்பெத் வாசலில் நின்றாள்.

"ஆறு மாசம்னு நான் சொல்ல மாட்டேன்ப்பா."

போய்ச் சேர்ந்துவிட்டதாக ஒரு போன் வந்தது. அதற்குப் பிறகு வரவில்லை. மூலையில் ஆறுதல் சொன்னார்கள். "பொண்ணு போனது கஷ்டம்தான். ஆனா பையன் போனதுல அணிக்கு நஷ்டமில்ல. உன் வாயாலயே சொன்னியே" என்றார்கள். எவரிஸ்தோ தலையாட்டினார்.

அடுத்த வருஷம் ஒரு காலையில் நிவால்தோ சைக்கிள் டாக்சியை நடுரோட்டில் போட்டுவிட்டு ஓடி வந்தார். கையில் போன். பூங்காவில் இன்டர்நெட் கிடைப்பது அந்த மூலைக்குப் பக்கத்தில்தான்.

"யோவ் தீர்க்கதரிசி! வந்து பாரு உன் உருப்படாத மாப்பிள்ளையை!"

திரையில் யோஸ்பெல் நின்றான். தோள் அகன்றிருந்தது. மட்டையோடு மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேரும் காற்றை அடித்துவிட்டுப் போனார்கள். மூலை கூச்சல் போட்டது. "மணிக்கட்டு எங்கய்யா? பூதக்கண்ணாடி கொண்டு வரட்டுமா? தாமசோவைப் போட்டு நாம இருபது ஆட்டம் தோத்தோமேய்யா!" ஆளாளுக்கு அவர் தொப்பியைத் தட்டினார்கள். எவரிஸ்தோவுக்குக் கண் போயிற்று என்றார்கள். ஐம்பத்தைந்து வயதில் அந்த மனிதருக்கென்று ஊரில் இருந்தது அந்தக் கண் ஒன்றுதான்.

அப்போது திரையில் பார்வையாளர் வரிசை வந்தது. இரண்டாவது வரிசையில் மஞ்சள் தொப்பி போட்ட ஒருத்தி எழுந்து கை தட்டினாள். லிஸ்பெத். வயிறு மேடிட்டிருந்தது. கண்மூடித் திறப்பதற்குள் படம் முடிந்துவிட்டது. மற்றவர்கள் மணிக்கட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளை எவரும் கவனிக்கவில்லை.

எவரிஸ்தோவிடம் இருந்தது பொத்தான் போன். படம் வராது. இன்டர்நெட்டுக்குக் கொடுக்கக் காசும் கிடையாது.

"என்னய்யா பேச்சைக் காணோம்? தப்புன்னு ஒத்துக்கறியா?" நிவால்தோ குனிந்து முகத்தைப் பார்த்தார். ஒத்துக்கொண்டால் சிரித்து, முதுகில் தட்டி, விஷயத்தை முடித்துவிடுவார்கள். நிவால்தோ தன் காசைச் செலவழித்து இன்னொரு ஆட்டத்தை எதற்கு இறக்கப்போகிறார்?

"அடிக்க வந்தவன் தூங்கிட்டான். இதெல்லாம் ஒரு ஆட்டமா? அடுத்த ஆட்டத்துல மணிக்கட்டைக் கண்டுபிடிச்சுக் கிழிச்சுடுவாங்க பாரு" என்றார் எவரிஸ்தோ.

"அப்படியா? அதையும் கொண்டுவந்து உன் மூஞ்சிக்கு நேரா காட்டலைன்னா என் பேரு நிவால்தோ இல்ல!"

காட்டினார். ஒவ்வொரு ஆட்டத்தையும் காட்டினார். யோஸ்பெல் ஜெயிக்க ஜெயிக்க எவரிஸ்தோ அவனைக் கேவலமாகப் பேசினார். முட்டாள் அதிர்ஷ்டம் என்றார், மலைக்காட்டுக் கை என்றார். பெற்ற பிள்ளையைப்போல நினைத்த பையனைப் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் உள்ளே சுட்டது. சில நாள் மஞ்சள் தொப்பி தெரிந்தது, பல நாள் தெரியவில்லை. மூலையில் சிலர் அவரைப் பொறாமைக்காரன் என்று சொல்லி, பக்கத்தில் உட்காருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

சீசனின் கடைசி வாரம் நிவால்தோ கொண்டுவந்த ஆட்டத்தில் லிஸ்பெத்தின் மடியில் ஒரு துணி மூட்டை இருந்தது. மூட்டையிலிருந்து ஒரு குட்டிக் கை வெளியே வந்து காற்றில் ஆடியது. இடது கை.

"இன்னொரு தடவை போடு" என்றார் எவரிஸ்தோ.

"எதுக்கு? மூணாவது ஆள் அவுட்டானதுல சந்தேகமா?"

"ஆமா. சந்தேகம். போடு."

நிவால்தோ மறுபடி ஓட்டினார். அவருக்கே அலுத்துவிட்டது. வேறு யாரும் இப்போது எட்டிப் பார்க்கவில்லை. "சரி, விட்டுத்தள்ளுய்யா" என்றார். "வருஷம் பூரா காட்டியாச்சு. உன்னோட வாதாடி என் காசுதான் கரையுது. இனிமே கொண்டு வரலை. நல்லா எறியறான்னு வாய் விட்டுச் சொல்லிட்டுப் போயேன். எனக்கும் நிம்மதி, உனக்கும் நிம்மதி."

எவரிஸ்தோ தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். முகமெல்லாம் கண்ணீர். கோபத்தில் வந்தது என்று நினைத்து நிவால்தோ ஓரடி பின்வாங்கினார்.

"எறியத் தெரியாத பய அவன்! அடுத்த சீசன் வரட்டும், கொண்டுவந்து காட்டு. நான் சொன்னது சரியா இல்லையான்னு பாரு. கொண்டுவா நிவால்தோ. உன்னைக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன், கொண்டுவா."